மூன்று நாற்காலிகளும் கேட்கப்படாத ஒரு கேள்வியும்: ‘கோபன்ஹேகன்’ நாடகம், நிகழ்வு ஆய்வு

1941 செப்டம்பர் 15 அன்று ஜெர்மன் இயற்பியலாளர் வெர்னர் ஹைசன்பெர்க் கோபன்ஹேகனில் வந்து இறங்கினார். அந்த நகரம் அப்போது பதினேழு மாதமாக ஜெர்மன் ராணுவத்தின் பிடியில் இருந்தது. அவர் பார்க்க வந்தது நீல்ஸ் போரை. தன்னைவிடப் பதினாறு வயது மூத்தவர், ஆசிரியர், நண்பர், யூதத் தாய்க்குப் பிறந்தவர். (யுத்தம் என்ற பொருளோடு குழம்பாதிருக்க இனி அவரை நீல்ஸ் என்றே எழுதுகிறோம்.) அந்த வாரத்தில் ஒருமுறை இருவரும் தனித்துப் பேசினார்கள். பேச்சு பாதியில் முறிந்தது. அன்று என்ன பேசப்பட்டது, எதற்காக அவர் வந்தார் என்பதில் இருவரும் சாகும்வரை ஒத்துப்போகவே இல்லை. எந்த இடத்தில் பேசினார்கள் என்பதில்கூட மூன்று விதமான நினைவுகள் பதிவாகியிருக்கின்றன: பூங்காவில், நீல்ஸ் வீட்டருகே, ஆய்வுக்கூட அறையில்.

ஆங்கில நாடகாசிரியர் மைக்கேல் ஃப்ரெய்னின் ‘கோபன்ஹேகன்’ இந்த முறிவைப் பற்றிய நாடகம். 1998 மே மாதம் லண்டன் நேஷனல் தியேட்டரின் காட்டஸ்லோ அரங்கில், மைக்கேல் பிளேக்மோர் இயக்கத்தில் அரங்கேறியது. நீல்ஸாக டேவிட் பர்க், அவர் மனைவி மார்கரெத்தேயாக சாரா கெஸ்டல்மன், ஹைசன்பெர்க்காக மாத்யூ மார்ஷ். 2000 ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேயில் ராயல் தியேட்டருக்குப் போய் 326 காட்சிகள் ஓடியது. அந்த ஆண்டின் டோனி விருதுகளில் சிறந்த நாடகம், சிறந்த இயக்கம், சிறந்த துணை நடிகை (மார்கரெத்தேயாக நடித்த பிளேர் பிரவுன்) ஆகிய மூன்றும் இதற்குக் கிடைத்தன. மூன்று நடிகர்கள், மூன்று நாற்காலிகள், இரண்டரை மணி நேரம் முழுக்க அணு இயற்பியல் பேச்சு. இப்படி ஒரு நாடகம் இவ்வளவு ஓடியது எப்படி என்பதையும், மற்றவர்கள் மேடையேற்றும்போது எந்த இடத்தில் சரிகிறது என்பதையும் பார்க்கலாம்.

பெரும்பாலான தயாரிப்புகள் இதை ஹைசன்பெர்க் மீதான வழக்காக நடத்துகின்றன. நாஜிக்குக் குண்டு செய்து கொடுக்கப் பார்த்தாரா, தடுக்கப் பார்த்தாரா என்ற தீர்ப்பை நோக்கி மொத்த நாடகத்தையும் தள்ளுகிறார்கள். நாடகம் கட்டப்பட்டிருப்பது வேறு ஒரு புள்ளியின் மேல். போடப்படாமல் போன ஒரு கணக்குதான் அந்தப் புள்ளி. நட்பு உடையாமல் இருந்திருந்தால் நீல்ஸ் அந்தக் கணக்கைப் போடச் சொல்லியிருப்பார், ஹைசன்பெர்க் போட்டிருப்பார், அதன் பிறகு உலகம் என்னவாகியிருக்கும் என்ற பயங்கரமான எண்ணமே கடைசி இருபது நிமிடத்தைத் தாங்குகிறது. ஆகவே நட்பையும் கணக்கையும் பார்வையாளருக்குப் பிடிபட வைக்காத தயாரிப்பு, நடிப்பு எவ்வளவு நன்றாக இருந்தாலும், முடிவில் வெறுங்கையோடு நிற்கும்.

பழைய விரிசல்

நடிகர்கள் முதலில் படிக்க வேண்டியது 1941 அல்ல, 1922. அந்த ஜூனில் நீல்ஸ் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். இருபது வயது மாணவன் ஒருவன் எழுந்து அவர் சொன்னதை மறுத்தான். கூட்டம் முடிந்ததும் நீல்ஸ் அவனை ஹைன்பெர்க் குன்றின் மேல் நடக்கக் கூட்டிப் போனார். நடந்துகொண்டே வாதாடும் பழக்கம் அங்கே தொடங்கியது. 1924இல் ஹைசன்பெர்க் முதன்முதலாக கோபன்ஹேகன் வந்தபோது இருவரும் முதுகில் பையோடு சீலாந்து தீவு முழுக்க நடந்தார்கள், ஹாம்லெட்டின் கோட்டையான குரோன்பர்க் வரை. 1925 ஜூனில் ஒவ்வாமைத் தும்மலுக்குத் தப்பி ஹெலிகோலாந்து தீவுக்குப் போன ஹைசன்பெர்க் அங்கே குவாண்டம் இயக்கவியலின், அதாவது அணு அளவில் துகள்கள் நடந்துகொள்ளும் விதத்தைச் சொல்லும் இயற்பியலின், முதல் வடிவத்தைக் கண்டார். 1926இல் கோபன்ஹேகனில் நீல்ஸ் நடத்திய இயற்பியல் ஆய்வு நிறுவனத்திலேயே, மாடி அறையில் வந்து தங்கினார்.

1927 பிப்ரவரியில் நீல்ஸ் பனிச்சறுக்குக்காக நார்வே போனார். அவர் இல்லாத நாட்களில் ஹைசன்பெர்க் நிச்சயமின்மைக் கோட்பாட்டை எழுதி முடித்தார்: ஒரு துகளின் இடத்தையும் உந்தத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்பது அது. திரும்பி வந்த நீல்ஸ் கட்டுரையில் இருந்த காமாக் கதிர் நுண்ணோக்கி உதாரணத்தில் ஒரு பிழையைக் காட்டினார், பிரசுரத்தை நிறுத்தச் சொன்னார். வாக்குவாதம் நாள்கணக்கில் போய், ஹைசன்பெர்க் அழுதே விட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் இத்தாலியின் கோமோவில் நீல்ஸ் தன் நிரப்புத் தன்மைக் கோட்பாட்டை (அலை, துகள் என்ற முரணான இரண்டு பார்வைகளும் சேர்ந்தால்தான் முழுப் படம் கிடைக்கும் என்பதை) முன்வைத்தார். ஹைசன்பெர்க் லைப்ஸிக்கில் பேராசிரியராகப் போய்ச் சேர்ந்தார்.

மார்கரெத்தே நாடகத்தில் திரும்பத் திரும்பத் தொடுவது இந்த இடத்தைத்தான். நீங்கள் இருவரும் சேர்ந்து கண்டுபிடித்ததாகச் சொல்வதையெல்லாம் ஆளுக்கொரு மூலையில் தனியாகத்தான் கண்டுபிடித்தீர்கள் என்கிறாள். ஹிட்லர் வருவதற்கு ஆறு ஆண்டு முன்பே அங்கே ஒரு விரிசல் இருந்தது. யுத்தம் அதில் ஆப்பு இறக்கியது. இந்த முன்கதையை ஒப்பிக்கும் தகவலாகச் சொல்லி முடித்துவிட்டால் இரண்டாம் பாகத்தின் தொடக்கம் பாடப்புத்தகம் போல் ஆகிவிடும். அதைச் சொல்லும்போதே இருவருக்கும் பழைய சந்தோஷமும் பழைய காயமும் ஒருசேர எழ வேண்டும்.

அந்த வாரம்

1941 செப்டம்பரின் மூன்றாம் வாரத்தை நடிகர்கள் நாள்நாளாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஹைசன்பெர்க் வந்தது ஜெர்மன் கலாசார நிறுவனத்தின் விருந்தாளியாக. ஆக்கிரமிப்பாளர்களின் பிரசார அமைப்பு அது. டேனிஷ் இயற்பியலாளர்கள் அவருடைய சொற்பொழிவைப் புறக்கணித்தார்கள். செப்டம்பர் 19 அன்று கீவ் நகரம் ஜெர்மன் படையிடம் வீழ்ந்தது. அதே செப்டம்பர் 19 முதல் ஜெர்மனியில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை அமலுக்கு வந்தது. அப்படிப்பட்ட வாரத்தில் யூதத் தாயின் மகனுடைய வீட்டுக் கதவைத் தட்டுகிறார் பழைய மாணவர். நாடகத்தில் அவர் உள்ளே வந்ததும் நடக்கும் தடுமாற்றமான நலம் விசாரிப்பு எவ்வளவு கனமானது என்பது இதிலிருந்து தெரியும். பனிச்சறுக்கு பற்றிப் பேசலாம், படகு பற்றிப் பேசக் கூடாது (நீல்ஸின் மூத்த மகன் இறந்தது படகுப் பயணத்தில்), அரசியல் கூடாது, இயற்பியலும் கூடாது. ஒவ்வொரு தலைப்பாக அடைபட்டுப் போவது வரிக்கு வரி கேட்க வேண்டும்.

ஹைசன்பெர்க்கையும் ஒற்றை நிறத்தில் வரைய முடியாது. 1937 ஜூலையில் நாஜிகளின் எஸ்.எஸ். படையின் பத்திரிகை அவரை ‘வெள்ளை யூதர்’ என்று திட்டி எழுதியது. ஐன்ஸ்டீனின் இயற்பியலைக் கற்பித்தது அவர் செய்த குற்றம். எஸ்.எஸ். தலைவர் ஹிம்லர் நடத்திய விசாரணை ஓராண்டு போனது. கடைசியில் ஹைசன்பெர்க்கின் தாயார் ஹிம்லரின் தாயாரைப் பார்த்துப் பேச வேண்டி வந்தது. 1939 கோடையில் அமெரிக்காவில் வேலை தயாராக இருந்தும் திரும்பி வந்தார். இவ்வளவும் பட்டவர், 1941இல் நீல்ஸிடம் ஜெர்மனி வெல்லப்போவது உறுதி என்றும் பேசினார். இரண்டையும் ஒரே உடம்பில் வைத்து நடிக்கத் தெரியாத நடிகர் இந்தப் பாத்திரத்தை எடுக்கக் கூடாது.

கட்டுமானம்

திரை விலகும்போது மூவருமே இறந்துபோனவர்கள். நீல்ஸ் 1962இல், ஹைசன்பெர்க் 1976இல், மார்கரெத்தே 1984இல் காலமானார்கள். இனி யாரையும் காயப்படுத்த முடியாது, யாரையும் காட்டிக்கொடுக்க முடியாது, ஆகவே அந்த மாலையை மறுபடி நடத்திப் பார்க்கலாம் என்று தொடங்குகிறார்கள். மார்கரெத்தேயின் ‘ஏன் வந்தான்?’ என்ற கேள்வியே ஆரம்பம். அறிவியல் கட்டுரையைத் திருத்தித் திருத்தி எழுதுவது போல அந்தச் சந்திப்பையும் மீண்டும் மீண்டும் எழுதிப் பார்க்கிறார்கள். இது உருவகத்துக்காகப் போட்ட ஏற்பாடு அல்ல. நீல்ஸ் நிஜமாகவே அப்படித்தான் வேலை செய்தார். ஒரு கட்டுரைக்குப் பத்துப் பன்னிரண்டு வரைவு, ஒவ்வொன்றையும் வாயால் சொல்லச் சொல்ல மனைவியோ உதவியாளரோ எழுதிக்கொள்வது.

உச்சரிப்பு, வேகம் எல்லாம் இந்த வரைவு முறையிலிருந்து வருகின்றன. முதல் வரைவு நிகழ்காலத்தில் நடப்பது போல் போகும், நடிகர்கள் 1941இல் இருக்கிறார்கள். அடுத்ததில் அவர்கள் தங்களையே வெளியிலிருந்து பார்க்கிறார்கள், நடுவில் நிறுத்தித் திருத்துகிறார்கள். கடைசி வரைவில் வார்த்தை குறைந்து, மனசுக்குள் ஓடுவது வெளியே கேட்கிறது. மூன்றையும் ஒரே குரலில் பேசினால் ‘இதைத்தான் முன்பே பார்த்தோமே’ என்று அரங்கம் நெளியும்.

இங்கேதான் ஒத்திகையின் மிகப் பெரிய நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. ஒரே வாசலில் ஒரே வரவேற்பு வசனம் சிறு மாற்றத்தோடு மறுபடி மறுபடி வருகிறது. நடிகர் ஒருவர் முதல் வரைவில் கடைசி வரைவின் பதிலைச் சொல்லிவிட்டால் எதிர் நடிகரும் அனிச்சையாக அதைத் தொடர்ந்துவிடுவார். ஒரு நொடியில் முக்கால் மணி நேர நாடகம் தாண்டிப் போய்விடும். திரும்பி வர வழி கிடையாது. மேடையில் பொருள் எதுவும் இல்லாததால் ‘நாம் எங்கே இருக்கிறோம்’ என்று ஞாபகப்படுத்தவும் ஒன்றும் இல்லை. இதற்கு வேலை செய்யும் மருந்து இரண்டு. பிரதியில் ஒவ்வொரு வரைவுக்கும் ஒரு நிறம் தீட்டி, திரும்ப வரும் வரிகளை மட்டும் தனித்தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வேறுபாட்டை மனப்பாடம் செய்வது முதலாவது. ஒவ்வொரு வரைவிலும் அந்த வரியை மேடையின் வேறொரு புள்ளியில், வேறொரு திசை பார்த்துச் சொல்ல வைப்பது இரண்டாவது. வாய் மறந்தாலும் கால் மறக்காது. இந்த இடங்களுக்கு மட்டுமாவது பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் திரைமறைவில் நிற்க வேண்டும், அவருக்கு மூன்று நடிகரின் முகமும் தெரிய வேண்டும்.

கணக்கு

நடிகர்கள் இந்தப் பகுதியைப் புரியாமல் ஒப்பிப்பதே நாடகம் தோற்பதற்கு முதல் காரணம். புரிந்துகொள்ளப் பட்டப்படிப்பு வேண்டாம், ஒரு மாலை போதும்.

இயற்கை யுரேனியத்தில் 99.3 சதவீதம் யுரேனியம்-238. நியூட்ரான் (அணுக்கருவில் உள்ள மின்னூட்டமற்ற துகள்) மோதிப் பிளந்து, அதில் வெளிவரும் நியூட்ரான்கள் அடுத்த அணுக்களைப் பிளக்க, இப்படித் தொடர்வினை ஓட்டக்கூடிய 235 வகை 0.7 சதவீதம்தான். மெதுவான நியூட்ரானால் பிளப்பது இந்த 235 என்று 1939இன் தொடக்கத்தில் கண்டுகொண்டவர் நீல்ஸ்தான். ஜான் வீலரோடு சேர்ந்து எழுதிய விரிவான கட்டுரை வெளிவந்த நாள் 1939 செப்டம்பர் 1, யுத்தம் தொடங்கிய அதே நாள். இரண்டு வகையும் வேதியியலில் ஒன்றே என்பதால் பிரிப்பது மகா கடினம். ஒரு நாட்டையே தொழிற்சாலையாக மாற்றினாலொழிய குண்டு முடியாது என்பது நீல்ஸின் உறுதியான எண்ணம். ஹைசன்பெர்க்கும் அப்படியே நினைத்தார்.

அப்படியானால் எவ்வளவு 235 தேவை? கிலோவா, டன்னா? எல்லாமே இந்த ஒரு எண்ணில் தொங்குகிறது. இங்கிலாந்தில் அகதிகளாக இருந்த ஓட்டோ ஃப்ரிஷும் ருடால்ஃப் பியர்ல்ஸும் 1940 மார்ச்சில் கணக்குப் போட்டு ஒரு கிலோ அளவு என்றார்கள். அது குறைத்துப் போட்ட மதிப்பீடு. சரியான விடை, உறை எதுவும் இல்லாத பந்துக்கு, சுமார் 50 கிலோ. ஆனாலும் கிலோக்கணக்கில் என்று தெரிந்ததே வேலையைத் தொடங்கப் போதுமாக இருந்தது.

1945 ஆகஸ்ட் 6 மாலை, இங்கிலாந்தின் ஃபார்ம் ஹால் மாளிகையில் பத்து ஜெர்மன் அணு விஞ்ஞானிகள் அடைக்கப்பட்டிருந்தார்கள். சுவருக்குள் ஒலிவாங்கிகள். ஹிரோஷிமா செய்தி வந்ததும் அவர்களில் ஒருவரான ஓட்டோ ஹான் கேட்டதற்கு ஹைசன்பெர்க் ஒரு டன் அளவு 235 வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்ன வழி இது. 80 தலைமுறை பிளவு வேண்டும். நியூட்ரான் ஒரு மோதலுக்கும் அடுத்த மோதலுக்கும் இடையே சுமார் 6 செ.மீ. போகும். 80இன் வர்க்கமூலத்தை 6ஆல் பெருக்கினால் ஆரம் 54 செ.மீ. நடிகர்கள் இதைத் தங்கள் கையாலேயே தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். 54 செ.மீ. ஆரமுள்ள பந்தின் கன அளவை யுரேனியத்தின் அடர்த்தியான 19ஆல் (கன செ.மீ.க்கு 19 கிராம்) பெருக்கினால் பன்னிரண்டு டன்னுக்கு மேல் வருகிறது. அவர் சொன்ன வழியும் அவர் சொன்ன எடையுமே ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. உண்மையான ஆரம் 8.5 செ.மீ. சொச்சம். ஆரத்தில் ஆறு மடங்குப் பிழை, எடையில் இருநூற்றைம்பது மடங்காக விரிகிறது.

பிழை எங்கே? 80 தலைமுறையும் பந்துக்குள்ளேயே முடிய வேண்டும், ஒரு நியூட்ரானும் வெளியே போகக் கூடாது என்று வைத்துக்கொண்டார். வெளியே கசியும் நியூட்ரானைவிட உள்ளே பிறக்கும் நியூட்ரான் கொஞ்சம் அதிகமாக இருந்தாலே போதும் என்பதுதான் சரியான நிபந்தனை. அதற்கு நியூட்ரான் பரவலுக்கான சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். ஹைசன்பெர்க்குக்கு அது கைவந்த கலை. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 14 அன்று, அதே மாளிகையில் சக கைதிகளுக்கு அதை ஏறக்குறைய சரியாகவே வகுப்பெடுத்தார். ஃபார்ம் ஹால் பதிவுகள் 1992 பிப்ரவரியில் வெளியாயின. நாடகத்தின் உச்சம் ஆகஸ்ட் 6, ஆகஸ்ட் 14 என்ற இரண்டு தேதிகளுக்கு நடுவில் இருந்து பிறந்தது. ஒரு வாரத்தில் போடக்கூடிய கணக்கை ஐந்தாண்டு ஏன் போடவில்லை?

ஃப்ரெய்னின் பதில்: முடியாது என்று அவ்வளவு நிச்சயமாக நம்பியதால் போட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. நீல்ஸ் என்றால் கேட்டிருப்பார். ‘ஏன் அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய், போட்டுப் பார்த்தாயா?’ என்று ஆயிரம் முறை கேட்ட மனிதர் அவர். அன்று கோபத்தில் கேட்காமல் திரும்பி நடந்துவிட்டார். கடைசி வரைவில் மட்டும், கோபத்தை அடக்கிக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கிறார். ஹைசன்பெர்க் மனசுக்குள் சமன்பாட்டைத் தீர்க்க ஆரம்பிக்கிறார். நல்ல ஆசிரியராக, நல்ல நண்பராக நடந்துகொண்டால் ஹிட்லர் கையில் குண்டு போய்ச் சேரும் என்று அந்த நொடியில் எல்லோருக்கும் விளங்குகிறது. நட்பு முறிந்த துயரமே காப்பாற்றிய செயலாக மாறுகிறது. இவ்வளவு சங்கடமான ஒரு எண்ணத்தைச் சொல்லத் துணிந்ததற்காகவே இந்த நாடகத்தை மதிக்க வேண்டும்.

அந்த நொடியில் பின்திரையில் காளான் மேகத்தைக் காட்டும் தயாரிப்புகள் உண்டு. வேண்டாம். பார்வையாளர் அந்தக் கணக்கைத் தாங்களே போட்டு முடிக்கும் தருணம் அது. படம் வந்தால் மூளை நின்றுவிடும். ஒலி வேண்டுமானால் வைக்கலாம், குறைவாக, திடீரென்று நிற்பதாக. ஒளியைப் படிப்படியாக வெளுக்க வைப்பதே இதைவிட நன்றாக வேலை செய்யும்.

மேடை, நாற்காலி, ஒளி

பிரதியில் மேடைக் குறிப்பு என்று கிட்டத்தட்ட எதுவுமே இல்லை. யார் எப்போது உட்கார வேண்டும், எங்கே போக வேண்டும் என்பதெல்லாம் இயக்குநரின் தலையில். மூலத் தயாரிப்பில் வட்ட மேடை, மூன்று நாற்காலி, கைப்பொருள் ஏதுமில்லை. நடிகர்கள் ஒருவரையொருவர் சுற்றி வரும் விதம் அணுவுக்குள் நடக்கும் இயக்கத்தை நினைவூட்டியது. பிராட்வேயில் பார்வையாளரில் ஒரு பகுதியினரை மேடைக்குப் பின்னால் உயரமான வரிசைகளில் நடுவர் குழு போல உட்கார வைத்தார்கள்.

நம் சிற்றரங்குகளுக்கு ஆறு மீட்டர் விட்டமுள்ள வட்டம் சரியாக இருக்கும். ஐந்துக்குக் கீழே போனால் மூவரும் எப்போதும் முட்டிக்கொள்ளும் தூரத்திலேயே இருப்பார்கள், விலகலே தெரியாது. எட்டுக்கு மேல் போனால் அருகாமை போய்விடும். நாற்காலிகள் கைப்பிடி இல்லாமல், ஒரு கையால் தூக்கக்கூடிய எடையில், சத்தம் வராத அடிப்பாகத்தோடு இருக்க வேண்டும். நாற்காலியின் இடம் மாறுவதே வீடு பூங்காவாகவும் ஆய்வுக்கூடமாகவும் மாறும் ஒரே அடையாளம். இரும்புக் கால் தரையில் கிறீச்சிட்டால் மிக நுட்பமான இடத்தில் சிரிப்பு வரும்.

பின்னால் ஆட்களை உட்கார வைப்பதாக இருந்தால் மூன்று சிக்கல்களை முன்கூட்டியே தீர்க்க வேண்டும். முன்னாலிருந்து வரும் விளக்கு அவர்கள் கண்ணைக் குத்தும், அவர்கள் முகமும் பளிச்சென்று தெரியும். எனவே விளக்குகளைப் பக்கவாட்டிலும் செங்குத்தாகவும் தொங்கவிட வேண்டும். அவர்கள் நெளிவதையும் கைபேசி பார்ப்பதையும் முன்வரிசை பார்த்துக்கொண்டே இருக்கும், எனவே கைபேசியை வாசலிலேயே வாங்கி வைப்பது நல்லது. வட்டமாக நடக்கும் நடிகரின் குரல், அவர் முதுகு காட்டும்போது ஒரு பக்கத்துக்குச் சேராது. முக்கியமான எண்களும் பெயர்களும் உள்ள வரிகளை நின்றுகொண்டு, பக்கவாட்டு முகத்தில் சொல்லும்படி அமைத்தால் இது பாதி தீரும்.

உடை 1941இன் சாதாரண உடை. அந்தச் செப்டம்பரில் நீல்ஸுக்கு 55, மார்கரெத்தேக்கு 51, ஹைசன்பெர்க்குக்கு 39 வயது. நரை, சுருக்கம் என்று முதுமை ஒப்பனை போட வேண்டாம். இறந்தவர்களுக்கு ஒரே வயது கிடையாது. அடுத்த வரியிலேயே அவர்கள் 1924க்குப் போய்விடுவார்கள்.

நடிகர்களைத் திணறடிப்பது பெயர்கள். பௌலி, ஷ்ரோடிங்கர், டிராக், கேமோவ், வைசாக்கர், டீப்னர், ஹான், மைட்னர் என்று வந்துகொண்டே இருக்கும். ஒத்திகை அறைச் சுவரில் இவர்கள் ஒவ்வொருவரின் புகைப்படத்தையும் ஒட்டி, கீழே ‘இவர் எனக்கு யார்’ என்று நடிகரே ஒரு வரி எழுதினால் போதும். பெயர் சொல்லும்போது முகம் தெரியும், அது குரலில் கேட்கும். ஒத்திகை ஆறு வாரம் என்றால் முதல் இரண்டு வாரத்தை மேசையைச் சுற்றி உட்கார்ந்து வாசிப்பதற்கே கொடுங்கள். நகர்வைச் சீக்கிரம் தொடங்கும் குழுக்கள் நான்காம் வாரத்தில் மறுபடி மேசைக்கே வந்து சேர்கின்றன.

மார்கரெத்தே

மிக அதிகமாகத் தவறும் பாத்திரம் இதுதான். இரண்டு மேதைகளின் பேச்சைச் சாமானியருக்கு விளக்கச் சொல்லும் நெறியாளராக அவளை நிறுத்திவிடுகிறார்கள். ‘மார்கரெத்தேக்குப் புரிகிற மாதிரி சொல்லு’ என்பது இருவரின் பழைய வேலை விதி, உண்மைதான். ஆனால் அவளுக்கென்று ஒரு வழக்கு இருக்கிறது. கணவரின் கட்டுரைகளை வரைவு வரைவாக எழுதிக்கொடுத்தவள் அவள். ஹைசன்பெர்க்கை அவளுக்கு முதலிலிருந்தே பிடிக்கவில்லை. அவர்களுடைய மூத்த மகன் கிறிஸ்டியன் 1934இல் படகிலிருந்து அலையில் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். நீல்ஸ் அதே படகில் இருந்தார், பின்னால் குதிக்கப் போனவரைக் கூட இருந்தவர்கள் பிடித்து நிறுத்தினார்கள். இறந்த மகனின் இடத்தில் இந்த ஜெர்மன்காரன் வந்து உட்கார்வதை அவள் ஒத்துக்கொள்ளவே மாட்டாள்.

கிறிஸ்டியனின் மரணம் நாடகத்தில் பலமுறை திரும்புகிறது. முதல் முறையே அழுதுவிட்டால் பிறகு செய்ய எதுவும் மிஞ்சாது. முதல் தடவைகளில் தகவல் போல், நீல்ஸ் சொல்லி முடிக்காமல் விடுவது போல் இருக்கட்டும். அலையில் தத்தளித்த மகன் கையை நீட்டியும் எட்டாத மிதவை வளையம், கேள்வியை நீட்டியிருக்கலாம் என்ற கடைசி வரைவோடு சேரும் இடத்தில்தான் அது முழுதாகக் கனக்க வேண்டும்.

2002இன் கடிதங்கள்

நாடகம் கிளப்பிய ஆர்வத்தால், 2012 வரை மூடி வைப்பதாக இருந்த ஆவணங்களை நீல்ஸின் குடும்பம் 2002 பிப்ரவரி 6 அன்றே வெளியிட்டது. மொத்தம் பதினொன்று. அணு விஞ்ஞானிகளைப் பற்றி ரோபர்ட் யுங்க் எழுதிய நூலின் டேனிஷ் பதிப்பில் ஹைசன்பெர்க்கின் விளக்கக் கடிதத்தைப் படித்துவிட்டு நீல்ஸ் எழுதி, திருத்தி, கடைசிவரை அனுப்பாமலே வைத்திருந்த வரைவுகள் அவற்றில் முக்கியமானவை. ஹைசன்பெர்க்கின் அறுபதாம் பிறந்தநாள் வாழ்த்துக்கான வரைவும் அவற்றில் ஒன்று.

அவை சொல்வது கடுமையானது. ஜெர்மனியில் உங்கள் தலைமையில் அணு ஆயுதத்துக்கு எல்லா முயற்சியும் நடக்கிறது என்ற உறுதியான எண்ணமே உங்கள் பேச்சிலிருந்து எனக்கு உண்டானது, நான் பேசாமல் இருந்தது சந்தேகத்தால் அல்ல, நாம் இருவரும் எதிரெதிர்த் தரப்பின் பிரதிநிதிகள் என்று உணர்ந்ததால் என்கிறார் நீல்ஸ். ஹைசன்பெர்க் பிற்காலத்தில் சொல்லிவந்த தார்மீகக் கவலையின் தடம் அதில் இல்லை. இன்னொரு பக்கம், அந்த வாரத்தில் ஹைசன்பெர்க் மனைவிக்கு எழுதிய கடிதமும் பின்னாளில் வெளிவந்தது. அவர் அந்த வீட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மாலைகள் போயிருக்கிறார், பியானோ வாசித்திருக்கிறார், நீல்ஸ் உரக்கப் படித்துக் காட்டியிருக்கிறார். முறிவு நாடகத்தில் வருவது போல் ஒரே இரவில் கதவடைத்த முறிவு அல்ல.

கணக்கு விஷயத்திலும் எதிர்வாதம் உண்டு. 1942 பிப்ரவரியில் ஜெர்மன் ராணுவத் தளவாடத் துறையின் அறிக்கை ஒன்று குண்டுக்கு 10 முதல் 100 கிலோ என்று எழுதியிருந்தது. அதை ஹைசன்பெர்க் பார்த்திருந்தால், போட்டே பார்க்கவில்லை என்ற அடித்தளம் ஆடும். நாடகம் ஹைசன்பெர்க்குக்கு அளவுக்கு மீறி இடம் கொடுக்கிறது என்று வரலாற்றாசிரியர்கள் சிலர் கண்டித்ததற்கு இவையெல்லாம் காரணம். அவர்கள் கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. அதனால் நாடகம் விழுந்துவிடவில்லை. மேடையில் நிற்பது ஒரு சாத்தியம் என்பதை ஃப்ரெய்ன் பிரதியோடு சேர்த்த நீண்ட பின்னுரையில் தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் பார்வையாளர் பின்னுரையைப் படித்துவிட்டு வருவதில்லை. எனவே காட்சிக்கு வருவோர் கையில் ஒரு பக்கத் தாள் கொடுப்பது தயாரிப்பாளரின் கடமை. 1922 முதல் 2002 வரையிலான தேதிகள், அனுப்பப்படாத கடிதங்களின் சாரம், 10–100 கிலோ அறிக்கை ஆகிய மூன்றும் அதில் இருக்க வேண்டும். அதைக் காட்சி முடிந்த பிறகு கொடுங்கள். முன்பே கொடுத்தால் தீர்ப்போடு உட்கார்வார்கள்.

பிரதியும் வெட்டும்

காப்புரிமை உள்ள நாடகம் இது. தமிழாக்கத்துக்கும் மேடையேற்றத்துக்கும் தனித்தனியாக எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். வெட்டுவதற்கும் அதே அனுமதி தேவை. மொழிபெயர்ப்பு முடிந்த பிறகு அனுமதி கேட்பது பல மாத உழைப்பைப் பணயம் வைப்பது.

தமிழில் வசனம் நீளும் என்பதால் இடைவேளையோடு மூன்று மணி நேரத்தை எட்டிவிட வாய்ப்பு உண்டு. வெட்ட வேண்டி வந்தால் கை முதலில் போவது இயற்பியலுக்கு. அங்கேதான் கூடாது. யுரேனியம்-235, டன்னா கிலோவா என்ற கேள்வி, பரவல் சமன்பாடு ஆகிய மூன்றும் முதல் பாகத்திலேயே காதில் விழுந்திருந்தால்தான் கடைசியில் வேலை செய்யும். கோபன்ஹேகன் நிறுவனத்தின் பழைய வேடிக்கைக் கதைகளில் ஒன்றிரண்டைக் குறைக்கலாம், பொம்மைத் துப்பாக்கிப் பந்தயம் போன்றவை. சகாக்களின் பெயர் வரிசைகளையும் சுருக்கலாம். ஜெர்மனியின் ஹைகர்லோக் குகையில் 1945 வசந்தத்தில் ஹைசன்பெர்க் குழு கட்டிய அணு உலை பற்றிய பகுதியைத் தொட வேண்டாம். 664 யுரேனியக் கனசதுரங்கள், நியூட்ரான்களை மெதுவாக்கும் ஒன்றரை டன் கனநீர், ஓடத் தொடங்கினால் நிறுத்துவதற்குச் சரியான கட்டுப்பாட்டுத் தண்டுகள் இல்லை. ஆபத்தைக் கணக்கிடாமல் முன்னே போகும் அதே மனிதர்தான் குண்டுக்கான கணக்கையும் போடாமல் விட்டார் என்பதற்கு நாடகத்தில் உள்ள மிக வலுவான சாட்சி அந்தப் பகுதி. 1943 அக்டோபரில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட டேனிஷ் யூதர்கள் படகுகளில் சுவீடன் தப்பிய செய்தியும் இருக்க வேண்டும். ஜெர்மன் தூதரக அதிகாரி டக்விட்ஸ் முன்கூட்டியே எச்சரித்ததால் அது நடந்தது. நீல்ஸும் மார்கரெத்தேயும் அதற்குச் சில நாள் முன்பு மீன்பிடிப் படகில் தப்பினார்கள். பிறகு நீல்ஸ் அமெரிக்காவின் அணுகுண்டு ஆய்வுக்கூடமான லாஸ் அலமோஸ் போய், உண்மையில் வீசப்பட்ட குண்டின் வேலையில் கை கொடுத்தார். குண்டு செய்யும் இடத்தில் கடைசியில் போய் நின்றவர் நீல்ஸ்தானே என்று நாடகத்தில் ஹைசன்பெர்க் எதிர்க்கேள்வி போடும்போது, பார்வையாளர் இந்த விவரத்தை ஏற்கெனவே கேட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது வெறும் வாய்ச்சண்டையாகக் கடந்து போகும்.